மின்னழுத்தத்தைக் குறைத்தால் கிராஃபிக்ஸ் கார்டு கெடுமா?

கேள்வி: என்னிடம் ஆர்டிஎக்ஸ் 3080 கார்டு இருக்கிறது. விளையாட உட்கார்ந்தாலே விசிறி இரைகிறது, அறையும் சூடாகிவிடுகிறது. மின்னழுத்தத்தைக் குறைத்துப் பார் என்கிறார் நண்பர். கார்டு கெட்டுவிடுமோ, வேகம் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: தாராளமாகக் குறையுங்கள். அளவுக்கு மீறிக் கூட்டினால்தான் சில்லுக்கு ஆபத்து. குறைத்தது அதிகமாகிவிட்டால் விளையாட்டு பாதியில் நிற்கும், அல்லது திரை இருண்டுபோகும், அவ்வளவுதான்.

ஒரே தொழிற்சாலையில் உருவானாலும் சில்லுகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. அவற்றில் மிகச் சுமாரானதும் தடுமாறாமல் ஓட வேண்டுமே என்று, எல்லாவற்றுக்கும் சற்றுக் கூடுதலான அழுத்தத்தை வைத்தே அனுப்புகிறார்கள். உங்கள் கார்டு அதைத் தேவையின்றிச் சுமந்துகொண்டிருக்கக்கூடும். இயங்கும்போது சில்லு இழுக்கும் மின்திறன், அழுத்தத்தின் வர்க்கத்தை ஒட்டி மாறுகிறது. வேகத்தில் கை வைக்காமல் 1.05 வோல்ட்டை 0.9 ஆக்கினாலே அந்த மின்திறனில் கால் பங்குக்கு மேல் மிச்சப்படும். 320 வாட் கார்டில் நினைவகத்துக்கும் பங்கு உண்டு என்பதால் மொத்தத்தில் அவ்வளவு குறையாது. ஆனால் விசிறி அடங்குவதை நீங்களே கேட்பீர்கள்.

கிராஃபிக்ஸ் கார்டின் அமைப்புகளை மாற்ற உதவும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மென்பொருளைத் திறந்து, கன்ட்ரோல், எஃப் விசைகளைச் சேர்த்து அழுத்துங்கள். அழுத்தத்தையும் வேகத்தையும் இணைக்கும் வளைகோடு தெரியும். முழுக் கோட்டையும் கீழே இறக்குங்கள். 0.9 வோல்ட் புள்ளியை மட்டும் 1800 மெகாஹெர்ட்ஸுக்கு ஏற்றி, மாற்றத்தைப் பதியுங்கள். அதற்கு வலப்பக்கம் கோடு சமமாகிவிடும். பிறகு அதே வேகத்தை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் சோதித்து, அழுத்தத்தில் 25 மில்லிவோல்ட் வீதம் இறங்குங்கள்.

சோதிப்பதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். அளவீட்டு மென்பொருளை ஒரு முறை ஓட்டியது போதவே போதாது. ஒளிக்கதிர்க் கணிப்பு (ரே டிரேசிங், ஒளி செல்லும் பாதையைக் கணக்கிட்டுக் காட்சியை வரைவது) உள்ள கனமான விளையாட்டுகளைப் பல மாலைகள் ஆடிப் பாருங்கள். மற்றவற்றில் அமைதியாக இருக்கும் கார்டு அங்கேதான் தடுமாறும். தடுமாறினால் ஒரு படி மேலே ஏறி, அங்கேயே நின்றுவிடுங்கள். கடைசி 10 வாட்டுக்காக நிம்மதியை இழப்பதை நான் ஒருநாளும் ஏற்கமாட்டேன்.

இத்தனைக்கும் பொறுமை இல்லையென்றால் மின்திறன் வரம்பை 80 சதவீதத்துக்கு இறக்குங்கள். சூடு குறையும், வேகமும் கொஞ்சம் குறையும்.

கணினி தொடங்கும்போதே அமைப்பு நடைமுறைக்கு வரும் வசதியைச் சோதனை முடியும்வரை இயக்காதீர்கள். அப்போதுதான் எது நடந்தாலும் கணினியை அணைத்துப் போட்டாலே பழைய நிலை திரும்பும்.