பத்தில் ஆறு வென்றும் நஷ்டம் ஏன்?

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் சிறிய ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். நான்கு மாதங்களாகச் செவ்வாய்க்கிழமைதோறும் நிஃப்டி பங்குக் குறியீட்டின் வாராந்தர ஆப்ஷன் ஒப்பந்தங்களை வாங்கி விற்கிறேன். பத்து முறையில் ஆறு முறை லாபம்தான். ஆனாலும் கணக்கில் 80,000 ரூபாய் குறைந்துவிட்டது. ஆப்ஷனை வாங்காமல் விற்றால் மாதாமாதம் பணம் வரும் என்கிறார் நண்பர். மனைவியின் நகையை அடகு வைத்து, அதற்கான பிணைத்தொகையான மார்ஜினைக் கட்டலாமா? நான் எழுதிவரும் நோட்டின் படங்களை இணைத்துள்ளேன்.

அன்புள்ள நண்பருக்கு,

நகையைத் தொடாதீர்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

நோட்டு எழுதியதற்காக உங்களைப் பாராட்டுகிறேன். நேற்று மாலை உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். மொத்தம் 240 வர்த்தகங்கள், லாபம் 146, நஷ்டம் 94. லாபம் வந்தபோது சராசரியாக 900 ரூபாய் எடுத்திருக்கிறீர்கள். நஷ்டத்தில் 2,080 ரூபாய் விட்டிருக்கிறீர்கள். இதில் மட்டும் 64,000 ரூபாய் போயிற்று. மீதி 16,000 தரகுக் கட்டணம், ஜிஎஸ்டி, பங்குப் பரிவர்த்தனை வரி. பத்தில் ஆறு வெல்பவர் 900 ரூபாய் லாபத்துக்கு 1,350 ரூபாய்க்கு மேல் நஷ்டத்தை விட்டால் செலவுக்கு முன்பே அசல் கரையும். குறை உங்கள் கணிப்பில் அல்ல, நஷ்டத்தின் அளவில். ஆகவே விலையைக் கணிக்கும் புதிய இண்டிகேட்டர் எதுவும் உங்களுக்குத் தேவையில்லை.

நோட்டின் ஒரு பக்கம் என்னை வெகுநேரம் பிடித்து வைத்தது. காலை 11 மணிக்கு நிஃப்டி 24,960-இல் இருக்கும்போது அது 25,000-ஐத் தாண்டினால் பலன் தரும் 25,000 கால் ஆப்ஷனை 60 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறீர்கள். நஷ்டத்தோடு நிறுத்தி வெளியேறும் விலையான ஸ்டாப் லாஸை 40 என்று எழுதி, அடித்து, 30 என்று மாற்றி, அதையும் அடித்திருக்கிறீர்கள். இரண்டு மணிக்கு நிஃப்டி 15 புள்ளி ஏறியிருந்தது, ஆப்ஷனின் விலையான பிரீமியமோ 25. மூன்று மணிக்கு மேல் 8 ரூபாய்க்கு விற்று வெளியேறியிருக்கிறீர்கள். திசையைச் சரியாகத்தான் கணித்தீர்கள். ஆனால் நிஃப்டி 25,000-ஐத் தொடாததால் அந்த 60 ரூபாய் முழுவதும் நேரத்துக்கான விலை. ஒப்பந்தம் முடியும் செவ்வாயன்று, அதாவது காலாவதி நாளில், அது மணிக்கு மணி கரையும். சந்தை உடனே, வேகமாக ஓடினால் மட்டுமே வாங்கியவருக்குப் பிழைப்பு.

அப்படியானால் விற்பவர் பக்கம் போகலாமே என்பார் நண்பர். 2024 ஜூன் 3 அன்று, மக்களவைத் தேர்தல் கருத்துக்கணிப்புகளை நம்பி நிஃப்டி 700 புள்ளிக்கு மேல் ஏறியது. மறுநாள் வாக்கு எண்ணிக்கை. ஒரே நாளில் 1,379 புள்ளி சரிந்தது. சந்தை சரியாது என்று நம்பி, சரிந்தால் பலன் தரும் புட் ஆப்ஷனை விற்று வைத்திருந்தவர் பல மாதங்கள் சேர்த்த பிரீமியத்தை ஒரே காலையில் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. விற்பவரின் லாபத்துக்கு உச்சவரம்பு உண்டு, நஷ்டத்துக்கு அப்படி எதுவும் இல்லை. காலாவதி நாளில் ஆப்ஷன் விற்பவரிடம் 2 சதவீதம் கூடுதல் மார்ஜின் 2024 நவம்பர் முதல் வாங்கும்படி, பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி விதித்ததும் இதனால்தான். அப்படிப்பட்ட ஆபத்தில் அடகு நகைப் பணத்தைப் போடாதீர்கள்.

நீங்கள் மட்டும் தவறிவிட்டதாக எண்ணி மனம் தளர வேண்டாம். 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளை செபி ஆராய்ந்தபோது, ஃப்யூச்சரும் ஆப்ஷனும் சேர்ந்த எஃப் அண்ட் ஓ-வில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டிருந்தார்கள். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். லாபம் எடுப்பவர்கள் கணினி நிரலோடு வரும் பெரிய நிறுவனங்கள். நீங்கள் கல்லாவில் உட்கார்ந்துகொண்டு, துணி அளந்துகொண்டே கைபேசியைப் பார்க்கிறீர்கள்.

குறுகிய காலத்தில்தான் வர்த்தகம் செய்வேன் என்றால், முழுப்பணம் கொடுத்து டெலிவரியாகப் பங்கு வாங்கி இரண்டு மூன்று வாரம் வைத்திருந்து விற்றுப் பாருங்கள். அங்கே காலாவதி நாள் இல்லை, கடையையும் கவனிக்கலாம். வெளியேறும் விலையை வாங்குவதற்கு முன்பே எழுதுங்கள், அடிக்காதீர்கள். இந்த 80,000 நஷ்டத்தையும் வருமான வரிக் கணக்கில் ஐடிஆர்-3 படிவத்தில் உரிய தேதிக்குள் காட்டிவிடுங்கள். ஈடுகட்ட முடியாத பகுதியை எட்டு ஆண்டுகள் வரை வரும் வியாபார லாபத்தில் கழித்துக்கொள்ளலாம்.

மனைவியிடம் இந்த நோட்டைக் காட்டினீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. இன்று இரவே காட்டுங்கள்.