பாதியில் மூடிய புத்தகங்கள்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: ஆண்டு முடிந்தால் போதும், ஐம்பது படித்தேன், நூறு படித்தேன் என்று ஆளாளுக்குப் பட்டியல் போடுகிறார்கள். எனக்கு மாதம் ஒன்றை முடிப்பதற்குள் மூச்சு வாங்குகிறது. நானெல்லாம் வாசகன்தானா?

பதில்: போடுகிறவர்கள் போடட்டும், அவர்கள் சந்தோஷம். ஆனால் அந்தக் கணக்கில் ஒரு கோளாறு இருக்கிறது. புதுமைப்பித்தனின் சிறுகதை ஒன்றைப் படித்து முடித்ததும் மறுபடி முதல் வரிக்கே போய், இந்த மனுஷன் நம்மை எந்த இடத்தில் கவிழ்த்தார் என்று தேடிக்கொண்டு ஒரு வாரம் அந்தப் பத்துப் பன்னிரண்டு பக்கத்திலேயே கிடந்தீர்கள் என்றால், பட்டியலில் உங்கள் மதிப்பெண் பூஜ்யம். முந்நூறு பக்கத் தன்னம்பிக்கை நூலை பஸ்ஸில் நின்றபடியே புரட்டித் தள்ளிவிட்டால் ஒன்று. இதை நம்பியா மூச்சு வாங்குகிறீர்கள்? படிப்பது 'நல்ல பழக்கம்' என்று எல்லோரும் சொல்லிச் சொல்லியே அதைப் பரீட்சை ஆக்கிவிட்டார்கள். எனக்கு அது சபலம். சீட்டாட உட்கார்ந்தவரிடம் இந்த வருடம் மொத்தம் எத்தனை ஆட்டம் முடித்தீர்கள் என்று யாரும் கேட்பதில்லையே.

கேள்வி: பிடித்த நாவல் படமாக வந்தால் பெரும்பாலும் ஏமாற்றமாகவே இருக்கிறதே, ஏன்? இயக்குநர்கள் ஒழுங்காகப் படிப்பதில்லையோ?

பதில்: படிக்காமல் என்ன, நன்றாகவே படிக்கிறார்கள். சிக்கல் நேரத்தில் இருக்கிறது. 'பொன்னியின் செல்வன்' 1950 அக்டோபரில் கல்கி இதழில் ஆரம்பித்து மூன்றரை வருடம் வாரா வாரம் வந்த கதை. அதன் முதல் அத்தியாயத்தை எடுத்துப் பாருங்கள். ஆடிப்பெருக்கு நாளில் வந்தியத்தேவன் வீரநாராயண ஏரிக்கரையோடு குதிரையில் போகிறான். போகிறவன் சும்மா போகாமல், ஏரிக்கு 74 கணவாய்கள் என்று சொல்வது உண்மைதானா என்று எண்ணிக்கொண்டே போகிறான். கதை இன்னும் தொடங்கவே இல்லை, கல்கிக்கு அவசரமும் இல்லை, படிக்கிற நமக்கும் இல்லை. 2022லும் 2023லும் இரண்டு பாகமாக வந்த படத்தின் மொத்த நீளம் ஏறக்குறைய ஐந்தரை மணி நேரம். இதற்குள் ஐந்து பாக நாவலை அடக்க வேண்டியவர் குதிரையை மெதுவாக நடக்கவிட்டால் நாமே இருக்கையில் நெளிந்துவிடுவோம். புத்தகத்தில் வேகம் நம் கையில், தியேட்டரில் அவர்கள் கையில். ஏமாற்றத்தில் பாதி இதனால் வருவது. மீதிப் பாதி, நாம் ஏற்கெனவே மனசுக்குள் ஆள் தேர்வு செய்து படம் எடுத்து முடித்துவிட்டோம் என்பதால் வருவது. தொடராக வந்தபோது படித்தவர்களுக்காவது ஓவியர் மணியம் வரைந்த முகங்கள் கிடைத்தன. பின்னால் படங்கள் இல்லாத பதிப்பில் படித்தவர்கள் தெருவில் பார்த்த யாரையாவது குந்தவை ஆக்கியிருப்பார்கள், அவர்களை எந்த நடிகை வந்து திருப்திப்படுத்த முடியும்?

என் அனுபவத்தில், நாவலுக்கு ரொம்ப விசுவாசமாக இருந்த படங்களைவிடத் துணிந்து துரோகம் செய்த படங்களே தேறுகின்றன. மகேந்திரன் 1979இல் 'உதிரிப்பூக்கள்' எடுத்தபோது புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து ஒரு பொறியைத்தான் எடுத்துக்கொண்டார். தாயில்லாத பிள்ளைகள், வீட்டுக்கு வரும் இன்னொருத்தி, அவ்வளவுதான். ஊரே ஆற்றங்கரையில் கூடி நிற்கும் அந்தக் கடைசிக் காட்சியைக் குறுநாவலில் தேடினால் கிடைக்காது. பூமணியின் 'வெக்கை' 2019இல் 'அசுரன்' ஆனபோதும் இதே கதைதான். நாவலில் கொலை செய்துவிட்டு ஓடும் பையனின் கண் வழியாகவே காட்டையும் இரவையும் பார்க்கிறோம், பூச்சி சத்தம்கூட அவன் காதில்தான் விழுகிறது. படத்தில் கதையின் கனம் அப்பா பக்கம் சாய்ந்துவிடுகிறது. இரண்டையும் பார்த்துவிட்டு எது உசத்தி என்று சண்டை போடுவதைவிட, இயக்குநர் வெற்றிமாறன் ஏன் அப்பாவைப் பிடித்துக்கொண்டார் என்று யோசிப்பது சுவாரசியமாக இருக்கிறது.

கேள்வி: முதலில் படமா, புத்தகமா?

பதில்: புத்தகம். ஒரு நடிகரின் முகம் மனதுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டால் காலி செய்வது கஷ்டம். ஒருவன் காலையில் பூச்சியாக மாறி விழிக்கும் கதையான காஃப்காவின் 'உருமாற்றம்' 1915இல் நூலாக வந்தபோது, அவர் அட்டையில் அந்தப் பூச்சியை வரையவே கூடாது, தூரத்தில் தெரிவது போலக்கூடக் காட்டக் கூடாது என்று பதிப்பாளருக்குக் கடிதம் எழுதினார். கடைசியில் அட்டையில் வந்தது பாதி திறந்த கதவும், முகத்தைப் பொத்திக்கொண்ட ஒரு மனிதனும். கதையைப் படித்தவர்கள் ஆளுக்கொரு பூச்சியை வைத்திருக்கிறோம். என்னுடையது கொஞ்சம் கரப்பான் ஜாடை.

கேள்வி: கதையை முன்கூட்டியே போட்டு உடைக்கும் நண்பர்களை என்ன செய்யலாம்?

பதில்: மர்மக் கதை என்றால் நட்பை மறுபரிசீலனை செய்யலாம். மற்றபடி எனக்குப் பெரிய கோபம் வருவதில்லை. சிலப்பதிகாரத்தின் பதிகமே கோவலன் கதி என்ன, கண்ணகி என்ன செய்தாள், மதுரைக்கு என்ன ஆனது என்று மொத்தத்தையும் சொல்லிவிட்டுத்தான் கதைக்குள் போகிறது. இருந்தும், சிலம்போடு அவன் மதுரைத் தெருவில் இறங்கும் இடம் வரும்போது, 'போகாதே' என்று சொல்லத் தோன்றுகிறதா இல்லையா? கூத்துப் பார்க்க விடிய விடிய உட்காருகிறவர்களுக்கும் துரியோதனன் சாகப் போகிறான் என்று தெரியும். முடிவு தெரிந்தவுடன் சப்பென்று ஆகிவிடும் கதை, முடிவு தெரியாதபோதும் அப்படியொன்றும் பிரமாதமாக இருந்திருக்காது என்பது என் கட்சி.

கேள்வி: பாதியில் நிறுத்திய புத்தகங்களைப் பார்த்தாலே குற்ற உணர்ச்சியாக இருக்கிறது.

பதில்: யாருக்கு என்ன குற்றம் செய்தீர்கள்? எழுத்தாளர் வந்து வாசலில் நிற்கப் போகிறாரா? பிரெஞ்சு எழுத்தாளர் தானியல் பென்னாக் 1992இல் வாசகனுக்குப் பத்து உரிமைகள் என்று எழுதினார். முதல் உரிமை, படிக்காமல் இருப்பது. இரண்டாவது, பக்கங்களைத் தாண்டிப் போவது. மூன்றாவது, முடிக்காமல் விடுவது. ஆள் பள்ளி ஆசிரியராக இருந்தவர் என்பதைச் சேர்த்துப் பார்த்தால் இதன் அருமை புரியும். படம் மொக்கை என்றால் இடைவேளையில் எழுந்து வெளியே வந்துவிடுகிறோம், வந்து நாலு பேரிடம் பெருமையாகவும் சொல்கிறோம். புத்தகத்திடம் மட்டும் ஏன் இந்த பயபக்தி?

ஆனால் ஒன்று, நிறுத்துவதிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று, புத்தகம் சரியில்லை. இன்னொன்று, நாம் சரியில்லை. காய்ச்சலில், வேலை நெருக்கடியில், வீட்டில் யாரோடோ முகம் கொடுத்துப் பேசாத வாரத்தில் தொடங்கிய நாவல் எதுவும் ஒட்டாது. அதை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். நிறுத்திய பக்கத்தில் தேதியை மட்டும் பென்சிலில் குறித்து வையுங்கள். நாலு வருடம் கழித்து எடுக்கும்போது கதையைவிட அந்தத் தேதி அதிகம் பேசும்.

கேள்வி: என் பிள்ளைகள் புத்தகத்தைத் தொடவே மாட்டேன் என்கிறார்கள். எப்போது பார்த்தாலும் போன். என்ன செய்ய?

பதில்: அவர்கள் முன்னால் நீங்கள் கடைசியாக எப்போது புத்தகமும் கையுமாக உட்கார்ந்தீர்கள்? கோபித்துக்கொள்ளாமல் யோசியுங்கள். 'போய் ஏதாவது படி' என்று சொல்லிவிட்டு நாம் வாட்ஸ்அப்பில் மூழ்கினால், புத்தகம் சின்னவர்களுக்குத் தரும் தண்டனை என்று அதுகளுக்குத் தோன்றாமல் என்ன செய்யும்? காமிக்ஸ் கேட்டால் வாங்கிக் கொடுங்கள், கிரிக்கெட் பற்றி என்றால் அதுவும் சரி. முடித்ததும் 'இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டாய்' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், அந்த ஒரு கேள்வி போதும், அடுத்த புத்தகத்தைத் தொட மாட்டார்கள்.

கேள்வி: வேலைக்குப் போய் வந்து, வீட்டையும் பார்த்துக்கொண்டு, படிக்க நேரம் எங்கே இருக்கிறது?

பதில்: இல்லைதான். இதற்கு 'மனமிருந்தால் மார்க்கம் உண்டு' என்று பதில் சொல்பவர்கள் வீட்டில் பெரும்பாலும் பாத்திரம் தேய்க்கும் ஆள் வேறொருவராக இருப்பார். நேரம் என்று தனியாக ஒன்று கிடைக்கும்வரை காத்திருந்தால் பணி ஓய்வுதான், அதற்குள் கண்ணாடி நம்பர் ஏறிவிடும். அதனால் நீளத்தைக் குறையுங்கள். சிறுகதையும் கட்டுரையும் இதற்கென்றே இருக்கின்றன. குக்கர் இறங்கும் இடைவெளியில் ஒரு கவிதை முடியும், இல்லாவிட்டால் அதன் முதல் நாலு வரியாவது மனதில் ஏறும். ஒலி நூல் கேட்டபடி துணி மடித்தாலும் அது வாசிப்பே, அதெல்லாம் கணக்கில் வராது என்று யாராவது சொன்னால், தமிழில் இத்தனை நூற்றாண்டாக ராமாயணமும் பாரதமும் பெரும்பாலானவர்களுக்குக் காது வழியாகத்தான் போய்ச் சேர்ந்தன என்று சொல்லுங்கள்.

படத்துக்கும் இது பொருந்தும். இப்போதெல்லாம் ஒரே படத்தை மூன்று ராத்திரியாகப் பிரித்துப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். சினிமா பக்தர்களுக்குக் கேட்டால் ரத்தம் கொதிக்கும். எனக்கென்னவோ அதில் பழைய தொடர்கதை ருசி இருக்கிறது. நடுவில் நிறுத்திவிட்டுத் தூங்கப் போனால், மறுநாள் சாயங்காலம் வரை அந்தப் பாத்திரங்கள் நம்மோடு ஆபீஸுக்கும் வந்துவிட்டுப் போகின்றன.

கேள்வி: அச்சுப் புத்தகமா, மின்நூலா?

பதில்: எழுத்தைப் பெரிதாக்க முடிகிற எதையும் நான் மதிக்கிறேன், வயது அப்படி. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் மட்டும் இல்லையென்றால் பழைய இலக்கியத்தில் பாதியைத் தேடி ஊர் ஊராக அலைந்திருப்போம். சங்கப் பாட்டிலிருந்து கல்கி வரைக்கும் தன்னார்வலர்கள் உட்கார்ந்து தட்டச்சு செய்து இலவசமாகப் போட்டிருக்கிறார்கள். ஆனால் நாவல் என்று வரும்போது எனக்கு அச்சு. ஒரு காட்சி இடது பக்கம் கீழே, பக்கம் கொஞ்சம் மடங்கிய இடத்தில் இருந்தது என்பது வருடங்கள் கழித்தும் நினைவில் நிற்கிறது. மின்நூலில் எல்லாப் பக்கமும் ஒரே பக்கம். அப்புறம் அந்தக் கருவி கீழே '63 சதவீதம்' என்று காட்டுவதும் பிடிக்கவில்லை. கதாநாயகன் சாகக் கிடக்கிறான், அங்கே எதற்கு சதவீதம்?

கேள்வி: இருபது வயதில் கொண்டாடிய நாவலை நாற்பதில் படித்தேன். வேறு புத்தகம் போல் இருந்தது. எனக்கு மட்டும்தான் இப்படியா?

பதில்: எல்லோருக்கும்தான். இதற்குத் தோதான புத்தகம் தி. ஜானகிராமனின் 'மோகமுள்'. இருபதில் நாயகன் பாபுவின் தவிப்பைத் தவிர ஒன்றும் கண்ணில் படாது. அவனைவிடப் பத்து வயது மூத்த யமுனா ஒரு கனவு மாதிரி வந்து போவாள். நாற்பதில் எடுத்தால், கல்யாணச் சந்தையில் திரும்பத் திரும்பத் தட்டிக்கழிக்கப்பட்டு, வறுமையில் வீடு ஒடுங்கிப்போய் அவள் எவ்வளவு களைத்திருக்கிறாள் என்பதே பெரிதாகத் தெரிகிறது. பாபுவைப் பார்த்தால் 'தம்பி, கொஞ்சம் நிதானமாக இரு' என்று சொல்லத் தோன்றுகிறது. இன்னும் கொஞ்சம் வயதானால் பாபுவின் அப்பா வைத்தியின் பக்கம் சேர்ந்துவிடுவோமோ என்னவோ. ஜானகிராமன் எல்லோரையும் அப்போதே எழுதி வைத்துவிட்டார், வரிசையில் நாம்தான் நகர்கிறோம்.

கேள்வி: பழைய புத்தகங்கள் மஞ்சளாகி, பூச்சி அரிக்கிறது. காப்பாற்ற வழி உண்டா?

பதில்: மலிவான தாளில், மரத்தை இறுக்கிப் பிடிக்கும் லிக்னின் என்ற பொருள் அப்படியே தங்கியிருக்கும். காற்றும் வெளிச்சமும் பட்டால் அது நிறம் மாறும், அமிலம் சேரச் சேரத் தாளும் நொறுங்கும். இதைத் தள்ளிப்போடலாம், நிறுத்த முடியாது. அதனால் வெயிலில் காயப்போடாதீர்கள், அது மஞ்சளைத்தான் வேகப்படுத்தும். ராமபாணப் பூச்சிக்கு வேண்டியது ஈரமும் பசையும். அட்டை ஒட்டிய இடத்தில் இருக்கும் மாவுப்பசைதான் அதற்கு விருந்து, கதையின் தரம் பற்றியெல்லாம் கவலைப்படாது. அலமாரியைச் சுவரோடு ஒட்டாமல் நாலு விரல் தள்ளி வையுங்கள், புத்தகங்களைத் திணிக்காமல் அடுக்குங்கள், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் எடுத்து உதறுங்கள். அந்துருண்டை போட்டால் பூச்சி போகிறதோ இல்லையோ, படிக்கிறவர் நிச்சயம் போய்விடுவார்.

கேள்வி: இரவல் வாங்கிப் போனவர்கள் திருப்பித் தருவதே இல்லை. எப்படிக் கேட்பது?

பதில்: 'அந்தப் புத்தகத்தைக் கொடுங்கள்' என்று கேட்காதீர்கள். 'படித்தீர்களா, எப்படி இருந்தது?' என்று பார்க்கும்போதெல்லாம் ஆர்வமாகக் கேளுங்கள். மூன்றாவது தடவை புத்தகம் வீட்டுக்கு வந்துவிடும். சில சமயம் படிக்கப்பட்டும் வரும்.