பொட்டு இருந்த வேலியும் லொத்ரிக் மதிலும்

கேள்வி: வெளிநாட்டிலை இருக்கிற அண்ணா டார்க் சோல்ஸ் எண்ட வீடியோ கேமின்ரை மூண்டு பாகத்தையும் வாங்கித் தந்திருக்கிறார். மூண்டிலையும் எது சிறந்தது? எது கஷ்டம் கூட? எதிலை தொடங்கிறது? கெதியா முடிக்க ஏதும் குறுக்குவழி இருக்கோ?
— ஏ.எல். மாணவன், கோண்டாவில்

பதில்: தம்பி, நாலு கேள்வி கேட்டிருக்கிறீர். முதல் மூண்டும் நிக்கட்டும். கடைசியிலை ஒரு சொல்லுப் போட்டிருக்கிறீர், குறுக்குவழி எண்டு, என்ரை கண் அதிலைதான் நிண்டது, ஏனெண்டால் உந்த மூண்டு கேமையும் அளக்கிறதுக்கு அதைவிடத் திறமான கோல் கிடையாது, நீரே அதை என்ரை கையிலை தந்திட்டீர்.

கோண்டாவில் ஆள் நீர். வீட்டிலை அம்மம்மா இருந்தால் பொட்டு எண்டால் என்ன எண்டு கேட்டுப்பாரும். நெத்திப் பொட்டு இல்லை, வேலிப் பொட்டு. கிடுகு வேலியிலை ரெண்டு கிளுவைக் கதியாலுக்கு நடுவிலை ஒரு ஆள் குனிஞ்சு பூரக்கூடிய ஓட்டை. அதை ஆர் வெட்டினது எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. முதல் நாய் பூரும், பிறகு கோழி, பிறகு கோழியைத் துரத்திக்கொண்டு பெடியள், பிறகு ஒரு நாள் அம்மா கூழ்ச் சட்டியோடை குனிஞ்சு வருவா, அண்டையோடை அது வழி. எங்கடை வீட்டுப் பொட்டாலை பக்கத்து வீட்டு மாமி காலமை உறைமோர் கேட்டு வருவா, பத்து மணிக்குக் கறிவேப்பிலை, மத்தியானம் அம்மி, பின்னேரம் பேப்பர், படுக்கப்போக முதல் காலமை கொண்டுபோன உறைமோர்க் கிண்ணத்தைத் திருப்பித் தர இன்னொருக்கால். கிண்ணத்தைத் தந்திட்டு நிண்டு கதைக்கிறது ஒரு மணித்தியாலம். எல்லைக் கதியாலை அரக்கி நட்டது எண்டு எங்கடை அப்பாவும் அந்த வீட்டு ஐயாவும் வழக்கு வைச்சுக் கோடு ஏறின காலத்திலையும் அந்தப் பொட்டு மூடேல்லை. அப்பா பகலிலை கதியாலை எண்ணிக்கொண்டு திரிவார், பொழுதுபட அம்மா அந்தக் கதியாலுக்கு நடுவாலைதான் மாமி வீட்டுப் பிள்ளையளுக்குப் பால் குடுப்பா. தவணைக்குப் போற அண்டு ரெண்டு ஆம்பிளையளும் ஒருத்தரை ஒருத்தர் பாராமல் வேறை வேறை படலையாலை வெளிக்கிடுவினம், ரெண்டு பேரின்ரை வேட்டியையும் தோய்ச்சது மாமி வீட்டுக் கிணத்தடியிலை.

இப்ப முதலாம் பாகத்துக்கு வாரும். 2011 இலை வந்தது, ஃபுரொம்சொஃப்ற்வெயர் எண்ட ஜப்பான் கொம்பனி, இயக்கினவர் மியாசாகி. ஃபயர்லிங்க் எண்ட ஒரு இடிபாட்டிலை விடுவாங்கள். அங்கை ஒரு நெருப்பு. அதடியிலை இருந்தால் காயம் மாறும், மருந்துப் போத்தில் நிறையும், ஆனால் நீர் வெட்டி விழுத்தின ஆக்களும் திரும்ப எழும்பியிடுவினம். அங்கையிருந்து மேலை ஏறவேணும். பாழடைஞ்ச ஊர், சந்துக்குச் சந்து கேடயக்காரர், கோபுரத்திலை கொம்பு வைச்ச அசுரன், அதுக்கங்காலை பாலத்திலை நெருப்பு ஊத்துற டிராகன். செத்தால், வெட்டி விழுத்தி விழுத்திக் காசு மாதிரிச் சேர்த்த சோல்ஸ் எல்லாம் விழுந்த இடத்திலை கிடக்கும், எடுக்கப் போற வழியிலை இன்னொருக்கால் செத்தால் அதுவும் போச்சு. பாலம் தாண்டினால் இரும்புக் கவசம் போட்ட ஒரு பண்டி வழியை மறிச்சுக்கொண்டு நிக்கும். அதையும் தாண்டி தேவாலயத்தடிக்குப் போய்ச் சேரேக்கை என்ரை மருந்துப் போத்தில் வெறும் போத்தில், திரும்பிப் போகவும் தெரியேல்லை. பக்கத்திலை ஒரு லிப்ற் கிடந்தது. ஏறினன். அது இறங்குது, இறங்குது, இறங்கிக்கொண்டே போகுது. அடியிலை என்னத்தை வைச்சிருக்கிறாங்களோ எண்டு கேடயத்தைத் தூக்கிப் பிடிச்சபடி நிண்டன். கடைசியிலை வெளிச்சம் வந்தது, முதல் காதிலை விழுந்தது மியூசிக், எனக்குத் தெரிஞ்ச மியூசிக். ஃபயர்லிங்க். மணித்தியாலக்கணக்கா அலைஞ்சு நான் போய்ச் சேர்ந்த இடம் நான் வெளிக்கிட்ட இடத்தின்ரை தலைக்கு நேர மேலை இருந்திருக்கு. கொன்ற்ரோலரை மேசையிலை வைச்சிட்டுக் கொஞ்ச நேரம் கதிரையிலை சும்மா இருந்தனான்.

தம்பி, அதுதான் பொட்டு. அந்தக் கேமிலை ஒரு கதவுக்குப் போனால் இந்தப் பக்கத்தாலை திறக்காது எண்டு எழுத்து வரும். சுத்தி முழுத்தூரமும் நடந்து மற்றப் பக்கத்துக்கு வந்த ஆளுக்குத்தான் திறக்கும். டிராகன் நிக்கிற பாலத்துக்குக் கீழை ஒரு ஏணி சுருண்டு கிடக்கும், மேலை வந்த பிறகுதான் அதைக் காலாலை உதைச்சுக் கீழை விழுத்தலாம், விழுத்திப் பாத்தால் அடியிலை நீர் முதல் இருந்து ஆறின நெருப்பு. நெருப்புக்கு நெருப்பு நடக்காமல் பாயிற வசதியை பாதிக் கேம் முடியும்வரை தரவே மாட்டாங்கள், அனோர் லொண்டோ எண்ட நகரத்திலை ஓர்ன்ஸ்ரைன், ஸ்மவ் எண்ட ரெண்டு காவல்காரரையும் விழுத்தினாப்பிறகுதான் அது வரும், அதுவும் எல்லா நெருப்புக்கும் இல்லை. அதுவரைக்கும் கால்தான். அதாலைதான் கண்ணை மூடிக்கொண்டு எனக்கு அந்த ஊர் முழுக்க வழி சொல்லத் தெரியும். கொக்குவில் கே.கே.எஸ். வீதியிலை கிடக்கு, திருநெல்வேலி பலாலி வீதியிலை கிடக்கு, பஸ்ஸிலை மட்டும் போய்வாற ஆளுக்கு ரெண்டும் வேறை வேறை ஊர், ஒழுங்கையளுக்குள்ளாலை சைக்கிள் மிதிச்ச ஆளுக்குத்தான் ரெண்டும் முதுகோடை முதுகு ஒட்டிக்கொண்டு இருக்கிறது தெரியும். முதலாம் பாகம் சைக்கிள்.

இனி மதில். மதிலைப் பற்றி இந்தப் பக்கத்திலை கனதரம் எழுதிப்போட்டன், விட்டுட்டு வேறை கதையுங்கோ எண்டு கடிதம் வருது, விடமாட்டன். வெளிநாட்டுக் காசு வந்ததும் எங்கடை ஆக்கள் செய்த முதல் வேலை வேலியைப் பிடுங்கிப்போட்டு ஆளுயரத்துக்கு மதில் கட்டினது. கிடுகும் வேண்டத்தேவையில்லை, வருசாவருசம் அடைக்கவும் தேவையில்லை, கறையானும் இல்லை, உண்மைதான். ஆனால் மதிலிலை பொட்டு விழாது. உறைமோருக்கு இப்ப கேற்றடிக்குப் போய் பெல் அடிக்கவேணும், பெல் அடிச்சுக் கேக்கிற அளவுக்கு உறைமோர் பெரிய விசயமில்லை எண்டு பேசாமல் கடையிலை தயிர் வேண்டுகினம், இப்பிடியே பத்து வருசம் போனால் பக்கத்து வீட்டிலை ஆர் இருக்கினம் எண்டே தெரியாது.

மூண்டாம் பாகத்திலை ஆரம்பச் சண்டை முடிஞ்சு போற முதல் இடத்தின்ரை பேர் என்ன தெரியுமோ, லொத்ரிக் உயர்மதில். 2016 இலை வந்தது. அதிலையும் ஃபயர்லிங்க் இருக்கு, ஆனால் அங்கையிருந்து அந்த மதிலுக்கு நடந்து போக வழியே இல்லை, நெருப்பைத் தொட்டுப் பாயவேணும். முதல் நாளே பாயலாம். சண்டையெண்டால் மூண்டாம் பாகத்தை அடிக்க மற்ற ரெண்டாலையும் ஏலாது, பேரில்லாத அரசன் புயலுக்குள்ளை டிராகனிலை வந்து இறங்கிற அந்தச் சண்டையும், 2017 இலை வந்த மேலதிக பாகத்தின்ரை முடிவிலை கேல் எண்ட கிழவனோடை சாம்பல் வெளியிலை பிடிக்கிற சண்டையும் நான் இண்டைக்கும் திரும்பத் திரும்ப விளையாடுறனான். ஆழக் கதீட்ரல் எண்டு ஒரு இடம், ஒரே ஒரு நெருப்பை வைச்சுக்கொண்டு ரெண்டு கதவு உள்ளாலை திறந்து திறந்து அதுக்கே கொண்டுவந்து விடும், அது அசல் பொட்டு, கும்பிடலாம். ஆனால் அப்பிடி ஒவ்வொரு வளவும் தனக்குள்ளை வடிவு, வளவுக்கும் வளவுக்கும் நடுவிலை அந்தப் போக்குவரத்து இல்லை.

ரெண்டாம் பாகத்தைப் பற்றிப் போன இதழிலை நாலு நல்ல வார்த்தை எழுதினதுக்கு மானிப்பாய் வாசகர் ஒருத்தர் ஆறு பக்கத்திலை மறுப்பு அனுப்பியிருக்கிறார். 2014 இலை வந்த அது மியாசாகி இயக்கினதில்லை, அதாலை கணக்கிலை எடுக்கக்கூடாது எண்டு வாதம். ஷிபுயாவும் தனிமுராவும் இயக்கினது எண்டது சரி. ஆனால் அதே தனிமுராதான் மூண்டாம் பாகத்திலையும் 2022 இலை வந்த அதே கொம்பனியின்ரை எல்டன் ரிங் கேமிலையும் மியாசாகிக்குப் பக்கத்திலை இணை இயக்குநரா இருந்தவர், அதை ஆறு பக்கத்திலை ஒரு வரியிலையும் காணேல்லை. ரெண்டாம் பாகத்தின்ரை பிழையளை எனக்கு ஆரும் சொல்லித் தரத் தேவையில்லை. சாகச் சாக உயிர்க்கோடு பாதிவரைக்கும் குறைஞ்சுகொண்டு போகும். உருண்டு தப்பிறதுக்குக்கூட அடப்ரபிலிற்றி எண்டு ஒண்டிலை தனியாப் புள்ளி போடவேணும், அதை ஆரும் சொல்லித் தரமாட்டினம். காற்றாலைக் கோபுரத்தின்ரை உச்சியிலை லிப்றிலை ஏறினால், வெளியிலையிருந்து பாக்கேக்கை வெறும் வானம் தெரிஞ்ச இடத்திலை, எரிமலைக் குழம்புக்கு நடுவிலை ஒரு இரும்புக் கோட்டை கிடக்கும், அதைக் கட்டின மேசனை எனக்கு ஒருக்கால் பாக்கவேணும். எண்டாலும் பொழுதுபடுற வெளிச்சத்திலை கடலைப் பாத்துக்கொண்டு கிடக்கிற மஜூலா எண்ட அந்தக் கரை ஊர், அங்கையிருந்து நாலு பக்கமும் பிரியிற வழி, அதை நான் விட்டுக்குடுக்க மாட்டன். திரும்பத் திரும்பத் தோத்துப்போற பிள்ளைக்கு அந்தக் கேம் இரங்கும், ஒரே ஆளைப் பத்துப் பதினைஞ்சு தரம் விழுத்தினால் அவன் பிறகு வரவே மாட்டான், வழி வெளிச்சுப்போடும். மற்ற ரெண்டிலையும் அந்த இரக்கம் இல்லை. மானிப்பாய்க்காரர் அடுத்த ஆறு பக்கத்தை அனுப்பட்டும், போடுறன்.

எது கஷ்டம் கூட? மூண்டிலை எதை நீர் முதன்முதல் விளையாடுறீரோ அதுதான். மற்றும்படி தனிச் சண்டையளிலை மூண்டு, கூட்டமா வந்து அமத்துறதிலை ரெண்டு, ஆத்திரம் வாறதிலை முதலாவது, அதிலை பெட் ஒஃப் கேயொஸ் எண்டு ஒரு மரம் இருக்கு, தளத்தை இடிச்சு இடிச்சுக் குழிக்குள்ளை தள்ளிக் கொல்லும், அது திறமையைச் சோதிக்கிறது இல்லை, அநியாயம். முதலாம் பாகத்தின்ரை பின்பாதி அவசரத்திலை கட்டினது எண்டு அந்த இடத்துக்குப் போகேக்கை உமக்கே விளங்கும். ஆனால் கஷ்டத்தை வைச்சு ஒண்டை உயர்த்திறதிலை எனக்கு விருப்பமில்லை. கஷ்டம் எண்டால் என்ன எண்டு இந்த ஊர்ச் சனத்துக்கு ஒரு கேம் வந்து படிப்பிக்கத் தேவையில்லை.

மியாசாகி ஒருக்கால் ஒரு பேட்டியிலை சொன்ன கதை. பனி கொட்டின நேரம் ஒரு ஏத்தத்திலை வாகனங்கள் எல்லாம் சறுக்கி நிண்டிட்டுது, பின்னாலை வாற கார் முன்னாலை நிக்கிற காரைத் தள்ள, அப்பிடியே வரிசையா ஒண்டை ஒண்டு தள்ளி ஏறிச்சுதாம். மேலை ஏறின இவருக்கு நிண்டு திரும்பி நன்றி சொல்ல வழியில்லை, நிண்டால் திரும்பச் சறுக்கிப்போடும். தன்னைத் தள்ளிவிட்டது ஆர் எண்டு கடைசிவரைக்கும் தெரியாது. முகம் தெரியாத ஒருத்தன் உம்மடை கேமுக்குள்ளை வந்து சண்டை பிடிச்சுக் குடுத்திட்டு மறைஞ்சுபோறது அந்த ஏத்தத்திலையிருந்து வந்த யோசினை. நிலத்திலை ஆரோ எழுதிவிட்டுப்போன நாலு சொல்லு, முன்னாலை பொறி கிடக்கு, கவனம் எண்டு. பொட்டுக்குள்ளாலை மாமி எட்டிப் பாத்துச் சொன்ன மாதிரித்தான் எனக்கு அது.

எதிலை தொடங்கிறது எண்டால் முதலாவதிலை, 2018 இலை புதுப்பிச்சு விட்டது அண்ணா தந்ததிலை இருந்தால் அதிலை. ஆளைத் தெரிவு செய்யேக்கை ஒரு பரிசுப்பொருள் எடுக்கச் சொல்லிக் கேக்கும், அதிலை மாஸ்ரர் கீ எண்டு கனக்கப் பூட்டைத் திறக்கிற ஒரு திறப்பு இருக்கு, அதை எடுக்காதையும். யூரியூப்பிலை வழிகாட்டி வீடியோவும் பாக்காதையும், ரியூசனிலை மொடல் பேப்பருக்கு விடை பாடமாக்கிற பழக்கத்தை இதுக்குள்ளையும் கொண்டுவரவேண்டாம். செத்தால் எழும்பி நடவும். சோதினை முடிஞ்சாப்பிறகு தொடங்கும். தேவாலயத்தடி லிப்றிலை முதல் தரம் இறங்கின அண்டைக்கு எனக்கு ஒரு கடிதம் போடும், அதை இந்தப் பக்கத்திலை போடுறன்.