வட்டிக்காரர் கையில் ஏடிஎம் கார்டு

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, குடியாத்தத்துக்குப் பக்கத்தில் இருக்கிறோம். நான் பீடி சுற்றுகிறேன். கணவருக்குப் பேரணாம்பட்டில் ஷூ கம்பெனி வேலை. இரண்டு பேருக்கும் சேர்த்து மாதம் 17,000 வரும். மாமியார் ஆபரேஷனுக்காக 30,000 ரூபாய் பத்து வட்டிக்கு வாங்கினோம். இரண்டு வருஷமாக மாதம் 3,000 கட்டுகிறோம், அசல் அப்படியே நிற்கிறது. கணவருடைய ஏடிஎம் கார்டும், கையெழுத்துப் போட்ட வெற்று பாண்டு பேப்பரும் வட்டிக்காரரிடம் இருக்கின்றன. சம்பளம் விழுந்த அன்றே அவர் ஆள் எடுத்துவிடுகிறான். இது போதாதென்று இரண்டு வாரக்கடன் கம்பெனிகளுக்கு வாரம் 1,400 கட்டுகிறேன். இப்போது மூன்றாவது கம்பெனிக்காரர் வந்து, “50,000 தருகிறோம், வட்டிக்காரரை முடித்துவிடுங்கள்” என்கிறார். வாங்கலாமா? இல்லை, ஊரை விட்டே போய்விடலாமா? எங்கள் மகளிர் குழுவில் 12 பேருடைய சேமிப்பு 60,000 வங்கியில் சும்மா கிடக்கிறது. அதைத் தொட்டால் குழு உடைந்துவிடும் என்கிறார்கள்.
- பெயர் வேண்டாம், குடியாத்தம்

பதில்: சகோதரி, மூன்றாவது கம்பெனியில் வாங்காதீர்கள். ஊரை விட்டும் போகாதீர்கள். போனால் அந்த பாண்டு பேப்பர் உங்களுக்கு முன்னால் போய் நிற்கும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். நூற்றுக்கு மாதம் பத்து என்றால் ஆண்டுக்கு 120 சதவீதம். இரண்டு வருஷத்தில் 72,000 கட்டியிருக்கிறீர்கள். வாங்கியதைப் போல இரண்டு மடங்குக்கும் மேலே கொடுத்தும் இன்னும் கடன்காரி என்று பெயர். நம் பக்கத்துச் சந்தைகளில் ஓடும் தண்டலும் இதே கதைதான். 10,000 என்று எழுதிக்கொண்டு 8,500 கையில் கொடுப்பார்கள், தினம் 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். ‘ஆயிரத்து ஐந்நூறுதானே’ என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருவதையும் சேர்த்துப் போட்டால், அதுவும் ஆண்டுக்கு 120 சதவீதத்தைத் தாண்டுகிறது.

இந்த வட்டி குற்றம். கந்துவட்டி, மீட்டர் வட்டி, தினவட்டி, தண்டல் எல்லாவற்றையும் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. மூன்று ஆண்டு வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். அசலையும் அரசு நிர்ணயித்த வட்டியையும் நீதிமன்றத்தில் கட்டி, கடன் தீர்ந்தது என்று உத்தரவு கேட்கவும் அந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது. வசூலுக்காக மிரட்டுவதைத் தடுக்க 2025-ல் இன்னொரு சட்டமும் வந்திருக்கிறது. ‘கடன் வாங்கிய நாம் எப்படிப் புகார் கொடுப்பது’ என்று கூசாதீர்கள். வெட்கப்பட வேண்டியவர் அடுத்தவர் வீட்டு ஏடிஎம் கார்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறாரே, அவர்.

கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்ற பயம் உங்கள் கடிதத்தில் வரிக்கு வரி தெரிகிறது. அந்தப் பேப்பர் எப்போது, எந்தக் கடனுக்காக, எத்தனை ரூபாய்க்குக் கொடுத்தது, இதுவரை எந்தெந்த மாதம் எவ்வளவு கட்டினீர்கள் என்று ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். வங்கிப் பாஸ்புக்கில் பணம் எடுத்த தேதிகள் இருக்கும், அதுவே சாட்சி. காசோலையும் கொடுத்திருந்து, அதை வைத்து வக்கீல் நோட்டீஸ் வந்தால் பெட்டியில் போட்டு மூடிவிடாதீர்கள். 15 நாள்தான் அவகாசம், அதற்குள் பதில் போக வேண்டும். வக்கீலுக்குப் பணம் எங்கே என்று கேட்பீர்கள். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் உதவி இலவசம். குடியாத்தம் நீதிமன்றத்தில் விசாரியுங்கள், அல்லது 15100-க்கு போன் செய்யுங்கள். அவர்கள் எழுதித் தரும் மனுவோடு காவல் நிலையத்துக்குப் போங்கள். அங்கே அசையவில்லை என்றால் திங்கட்கிழமை வேலூர் சத்துவாச்சாரியில் கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். தனியாகப் போகாதீர்கள், குழுவில் நாலு பேரையாவது கூட்டிக்கொண்டு போங்கள்.

வாரக்கடன் கம்பெனிகள் வேறு மாதிரி. அவர்களுக்கு ரிசர்வ் வங்கியின் விதி இருக்கிறது, 2022-ல் வந்தது. ஒரு குடும்பம் எல்லாக் கடனுக்கும் சேர்த்துக் கட்டும் தவணை, மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. உங்களுக்கு வாரக்கடனே மாதம் சுமார் 6,000, வட்டிக்காரருக்கு 3,000. ஆக சுமார் 9,000, உங்கள் 17,000-ல் பாதிக்கு மேலே போய்விட்டது. அதனால்தான் அந்த மூன்றாவது ஆளைத் திருப்பி அனுப்பச் சொல்கிறேன். உங்கள் நிலைமை தெரிந்தே கொடுக்க வருகிறார் என்றால் அவர் உங்களுக்கு நல்லது செய்ய வரவில்லை. காலை ஒன்பதுக்கு முன்னும் மாலை ஆறுக்குப் பின்னும் வசூலுக்கு வரக் கூடாது, சொந்தக்காரரிடம் போய்ச் சொல்லி மானத்தை வாங்கக் கூடாது என்பதும் விதிதான். மீறினால் முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர். 14448-ல் விவரம் சொல்வார்கள்.

இப்போது நான் நிறையப் பேச விரும்பும் விஷயத்துக்கு வருகிறேன், உங்கள் 60,000.

வடாற்காடு மாவட்டம் ஒன்றாக இருந்த காலத்தில் நான் வங்கியில் சேர்ந்தேன். ஒரு கிளையில் புளி விற்கும் அம்மா ஒருவர் 2,000 ரூபாய் கேட்டு வந்தார். ஜாமீன் இல்லை என்று திருப்பி அனுப்பினேன். அவர் நேராகத் தண்டல்காரரிடம் போனார். அதே தெருவிலிருந்து எங்கள் கிளைக்குச் சேமிப்பாக எவ்வளவோ வந்துகொண்டிருந்தது. ஏழைகளின் பணத்தை வாங்கி வைத்துக்கொண்டு, அவர்களுக்கே கடன் இல்லை என்று சொன்னேன். இத்தனை வருஷம் கழித்தும் அந்த அம்மா படியிறங்கிப் போனது கண்ணில் நிற்கிறது.

உங்கள் விஷயத்தில் அப்படி நடக்க வேண்டியதில்லை. ஆறு மாதம் ஒழுங்காக நடந்த குழுவுக்கு, முதல் கடனாகக் கையிருப்பைப் போல ஆறு மடங்கு அல்லது ஒன்றரை லட்சம், இரண்டில் எது அதிகமோ அதைத் தரலாம் என்பது மத்திய அரசின் தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தின் கீழ் வங்கிகளுக்கு இருக்கும் விதி. 60,000-க்கு 3,60,000 ஆகிறது. மூன்று லட்சம் வரை 7 சதவீத வட்டி. ஜாமீன் கேட்கக் கூடாது, குழுவின் சேமிப்புக் கணக்கை முடக்கி வைக்கவும் கூடாது. கிளையில் முடக்கினால், மாவட்டத்து வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கி மேலாளரிடம் போங்கள், மகளிர் திட்ட அலுவலகத்திலும் சொல்லுங்கள். இந்தக் கடனை எதற்குப் பயன்படுத்தலாம் என்ற பட்டியலில், அதிக வட்டிக் கடனை அடைப்பதும் இருக்கிறது. அதாவது உங்கள் 30,000-ஐ அடைப்பது முறைகேடு அல்ல, அதற்கென்றே இடம் வைத்திருக்கிறார்கள். 30,000-க்கு 7 சதவீதம் என்றால் முழு ஆண்டுக்கும் 2,100 ரூபாய். இப்போது ஒரே மாதத்தில் 3,000 கட்டுகிறீர்கள்.

ஆனால் 30,000-ஐ அப்படியே அவர் கையில் கொடுத்துவிடாதீர்கள். கட்டிய 72,000-ஐ வக்கீலிடம் காட்டி, இனி எவ்வளவு பாக்கி என்று கேட்டுக்கொண்டு, கொடுப்பது எதுவானாலும் பாண்டு பேப்பரை வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

சேமிப்பைத் தொட்டால் குழு உடையும் என்பது சரியில்லை. தொடாமல் வைத்திருந்துதான் பல குழுக்கள் உடைந்திருக்கின்றன. சேமிப்பிலிருந்து உறுப்பினர்களுக்கே கொடுக்கும் உள்கடன் ஓட வேண்டும், கூட்டம் நடக்க வேண்டும், கணக்கு நோட்டு எல்லாரும் பார்க்கும்படி இருக்க வேண்டும். குழு உடைவது வேறு விதத்தில். ‘உன் பேரில் எடுத்து எனக்குக் கொடு, நான் கட்டுகிறேன்’ என்று யாராவது கேட்பார்கள். அதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள், தலைவியே கேட்டாலும் சரி.

உங்கள் குழுவில் இன்னும் எத்தனை பேர் பத்து வட்டி கட்டுகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஐந்து பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆளுக்கு 3,000. மாதம் 15,000 உங்கள் தெருவை விட்டுப் போகிறது. அந்தப் பணம் உள்ளேயே சுற்றினால் ஒருவர் தையல் மெஷின் வாங்கலாம், ஒருவர் கறவை மாடு வாங்கலாம். தெருவுக்கு முதலீடு வெளியிலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை.

அப்புறம், மாமியார் ஆபரேஷன். ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்கும் குடும்பத்துக்கு முதலமைச்சர் காப்பீட்டில் ஐந்து லட்சம் வரை கிடைக்கும். உங்கள் வருமானம் அதைத் தாண்டுகிறது என்று தெரியும். ஆனால் குழுவில் தனியாக வாழும் பெண்கள் இருந்தால் இப்போதே கார்டு எடுக்கச் சொல்லுங்கள். நம் பக்கத்துக் கடன்களில் பாதி ஆஸ்பத்திரி வாசலில்தான் ஆரம்பிக்கிறது.

நோட்டை இன்று ராத்திரியே எழுதத் தொடங்குங்கள். நாளை காலை வங்கி திறந்ததும் கணவரை அழைத்துக்கொண்டு போய், பழைய ஏடிஎம் கார்டை முடக்கி, புதுக் கார்டுக்கு எழுதிக் கொடுங்கள். ரகசிய எண்ணையும் மாற்றுங்கள். அடுத்த மாதச் சம்பளம் உங்கள் வீட்டுக்கு வரட்டும்.