சதுரங்கத்தில் வெள்ளை ராஜா முன் சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தித் தொடங்கும் ஈ4-க்கு (e4) எதிராகக் காரோ-கான் தற்காப்பைக் கற்கலாமா? போட்டியில் ஆடியவர்கள் சொல்லுங்களேன்

தாராளமாகக் கற்கலாம். 1886-இல் ஹொரேஷியோ காரோ, மார்க்கஸ் கான் இருவரும் ஆராய்ந்து எழுதிய, கறுப்புக்கான தொடக்க ஆட்டமுறை இது. நான் இன்றும் இதைத்தான் ஆடுகிறேன், முதல் போட்டியில் இதை ஆடி ஆறே நகர்வில் தோற்ற பிறகும்.

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஓர் எஸ்டேட்டில் வளர்ந்தேன். அண்ணன் நோட்டில் எழுதிக் கொடுத்த நகர்வுகளை லயத்து வாசலில் உட்கார்ந்து மனப்பாடம் செய்துகொண்டு, படிவம் ஒன்றில் (இடைநிலைப் பள்ளியின் முதல் ஆண்டில்) மாவட்டப் பள்ளிகளுக்கான போட்டிக்குப் போனேன்.

வெள்ளை ஈ4, நான் சி6; வெள்ளை டி4, நான் டி5. வெள்ளைக் குதிரை சி3-க்கு வந்தது. நான் சிப்பாயால் ஈ4-இல் வெட்டினேன், அந்தக் குதிரை திருப்பி வெட்டியது. நான் குதிரையை டி7-இல் வைத்தேன். என் இன்னொரு குதிரை எஃப்6-க்குப் போய் வெட்டுப்பட்டாலும் இந்தக் குதிரையாலேயே திருப்பி வெட்டலாம், சிப்பாய் வரிசை கெடாது. அதுவரை சரிதான். எதிரே இருந்த மலாய்ப் பையன் ராணியை ஈ2-இல் வைத்தான். தன் மந்திரிக்கே வழியை அடைக்கிறானே என்று எனக்கு ஒரே சந்தோஷம். உடனே என் இன்னொரு குதிரையை எஃப்6-க்கு நகர்த்தினேன். அவன் குதிரை டி6-இல் வந்து உட்கார்ந்து ராஜாவுக்குச் செக் வைத்தது. ஈ7 சிப்பாயால் வெட்டப் பார்த்தேன். முடியாது: சிப்பாய் விலகினால் ராணி நேராக ராஜாவைத் தாக்கும். ராஜாவைச் சுற்றி என் காய்களே அடைத்து நின்றன. ஆட்டம் முடிந்தது.

பிறகு அவனே உட்கார்ந்து விளக்கினான். அதிலும் ஒரு குழப்பம். மலாயில் 'மெந்தெரி' என்றால் நம் ராணி, 'காஜா' என்றால் நம் மந்திரி, நம் யானையோ அவர்களுக்குத் 'தீர்'. கடைசியில் காய்களைத் தொட்டுக் காட்டித்தான் பேசிக்கொண்டோம். அன்று எனக்குக் கிடைத்த சிறந்த பாடம் அந்தப் பத்து நிமிடம்தான்.

1935-இல் ஸ்பெயினின் மயோர்க்காத் தீவில் நான்கு பேர் கலந்து பேசி ஆடியும் உலக சாம்பியனாக இருந்த அலெக்கைனிடம் இதே ஆறு நகர்வில் விழுந்தார்கள் என்று பல வருடம் கழித்துப் படித்தேன்.

ராணி ஈ2-க்கு வந்தால் ஈ6 ஆடுங்கள், அல்லது டி7 குதிரையையே எஃப்6-க்குக் கொண்டுபோங்கள். புதிதாகக் கற்பவர் என்றால் நாலாவது நகர்வில் குதிரைக்குப் பதில் மந்திரியை எஃப்5-க்கு எடுத்து வாருங்கள். ஈ4-க்கு இன்னொரு பதிலான பிரெஞ்சுத் தற்காப்பில் உள்ளேயே அடைபட்டுக் கிடக்கும் அந்த மந்திரி இதில் வெளியே வருவதுதான் காரோ-கானின் அழகு. வெள்ளைக் குதிரை ஜி3-இலிருந்து விரட்டினால் ஜி6-க்குப் பின்வாங்குங்கள். எதிராளி எச்4 ஆடினால் மறக்காமல் எச்6. இல்லாவிட்டால் அடுத்து எச்5 வந்து மந்திரி சிக்கிக்கொள்ளும்.