காலையில் மடங்காத விரல்கள்

கேள்வி: எனக்கு 39 வயது. பீடி சுற்றுகிறேன். ஒன்றரை ஆண்டாகக் காலையில் எழுந்தால் இரண்டு கை விரல்களும் மடங்குவதில்லை. மணிக்கட்டும் விரல் கணுக்களும் வீங்கிக்கொள்கின்றன. முதலில் எலும்பு டாக்டரிடம் எட்டு மாதம் காட்டினேன். பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்கு நான்கு முறை போனேன். ஒருமுறை, அந்த டாக்டர் வரும் நாள் இதுவல்ல என்றார்கள். ஒருமுறை டாக்டர் விடுப்பு. ஒருமுறை, ரத்தப் பரிசோதனை எடுத்து வா என்றார்கள். நான்காவது முறை மூன்று நிமிடம் பார்த்து, முடக்குவாதம் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். அதில் ஒன்று வெள்ளிக்கிழமை மட்டும் சாப்பிட வேண்டியது. ஐந்து வாரம் சாப்பிட்டும் குணம் தெரியவில்லை. வாரத்தில் ஒருநாள் மாத்திரை சாப்பிட்டு எந்த நோய் தீரும் என்று நிறுத்திவிட்டேன். சந்தையில் ஒருவர் கொடுத்த பொடி இரண்டே நாளில் வலியை எடுத்துவிட்டது. இரண்டு மாதமாக அதைத்தான் சாப்பிடுகிறேன். முகம்கூடப் பூசினாற்போல் ஆகிவிட்டது என்கிறார்கள். அடுத்த முறை டாக்டரைப் பார்க்க இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. வீட்டில் என்னைச் சோம்பேறி என்கிறார்கள். இனியும் நான் ஆஸ்பத்திரிக்கு அலையத்தான் வேண்டுமா, பொடியையே தொடரலாமா? பேனா பிடிக்க முடியாததால் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள் இதை எழுதுகிறாள்.
— வாசகி, தென்காசி மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மூன்று மாதம் காத்திருக்க முடியாத செய்தி ஒன்று உங்கள் கடிதத்தில் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். முகம் பூசினாற்போல் ஆகிவிட்டது என்கிறீர்களே, அது உடம்பு தேறிய அடையாளமாக இல்லாமலிருக்கலாம். பெயரும் சீட்டும் இல்லாத பொடி, ஒன்றரை ஆண்டு வலியை இரண்டே நாளில் எடுத்தது என்றால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும் என்றுதான் எந்த மருத்துவரும் முதலில் சந்தேகப்படுவார். முகம் உருண்டு திரள்வது, பசி கூடுவது, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறுவது எல்லாம் அதன் வேலை. எலும்பையும் அது உள்ளுக்குள் அரித்துவிடும்.

உடனே குப்பையில் போட்டுவிடுகிறேன் என்று எழுந்துவிடாதீர்கள். ஸ்டீராய்டை இரண்டு மாதம் தொடர்ந்து சாப்பிட்டால், உடம்பு தானாகச் சுரக்க வேண்டியதைச் சுரக்க மறந்திருக்கலாம். சட்டென்று நிறுத்தினால் வாந்தி, தலைசுற்றல், மயக்கம் வரலாம். ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். பொடிப் பொட்டலத்தோடு இந்த வாரமே உங்கள் தாலுகா அரசு மருத்துவமனைக்குப் போங்கள். இதற்குச் சிறப்பு மருத்துவர் வேண்டியதில்லை. "இரண்டு மாதமாக இதைச் சாப்பிடுகிறேன், ஸ்டீராய்டாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது, எப்படிக் குறைப்பது?" என்று கேளுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டையும் அங்கேயே பார்த்துவிடலாம். திட்டுவார்களோ என்று மறைக்க வேண்டாம். மூன்று மாதம் கழித்து வா என்று சொல்லப்பட்டவர் கைக்கு எட்டியதை எடுத்துச் சாப்பிட்டதில் வியப்பில்லை. சித்த மருத்துவத்தின்மேல் எனக்குக் குறையும் இல்லை. அரசு மருத்துவமனைகளிலேயே சித்தப் பிரிவுகள் இருக்கின்றன, அங்கே என்ன கொடுக்கிறோம் என்று எழுதிக் கொடுப்பார்கள். நான் அஞ்சுவது எழுத்தில்லாத பொட்டலத்தைக் கண்டுதான்.

இனி அந்த வெள்ளிக்கிழமை மாத்திரை. பெரும்பாலும் அது மெத்தோட்ரெக்சேட்டாக இருக்கும், சீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். அதன் குணம் என்ன என்று அந்த மூன்று நிமிடத்தில் யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை என்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. வலி மாத்திரை ஒரு மணி நேரத்தில் வேலை செய்யும். உங்கள் பொடி இரண்டு நாளில் செய்தது. மெத்தோட்ரெக்சேட் ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் எடுத்துக்கொள்ளும். முடக்குவாதத்தில் நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உள்ளுறையைத் தாக்குகிறது. அந்தத் தாக்குதலை அடக்கி, எலும்பு அரிபடாமல் காப்பது இந்த மாத்திரைதான். வலி மாத்திரை வலியை மறைக்குமே தவிர, மூட்டைக் காப்பாற்றாது. நீங்கள் ஐந்தாவது வாரத்தில் நிறுத்தினீர்கள். இன்னும் சில வாரம் போயிருந்தால் பலன் தெரியத் தொடங்கியிருக்கலாம்.

வாரம் ஒருநாள் என்பதையும் சாதாரணமாக எண்ணாதீர்கள். இதைத் தவறுதலாகத் தினமும் சாப்பிட்டு, வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் குறைந்து இறந்தவர்கள் உண்டு. ஆகவே பழைய மாத்திரை வீட்டில் மிச்சம் இருக்கிறதே என்று நீங்களாக மீண்டும் தொடங்க வேண்டாம். ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகத்தைக் காட்டும் கிரியாட்டினின் ஆகிய பரிசோதனைகளைப் பார்த்துவிட்டு மருத்துவர் சொன்னபின் தொடங்குங்கள். கூடவே கொடுக்கும் ஃபோலிக் அமில மாத்திரையை விடக்கூடாது. கருத்தரிக்க வாய்ப்பிருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். கருவுக்கு இந்த மாத்திரை ஆகாது. காய்ச்சல், வாய்ப்புண், விடாத வறட்டு இருமல், மூச்சிரைப்பு வந்தால் அந்த வார மாத்திரையை நிறுத்திவைத்து உடனே மருத்துவரைப் பாருங்கள்.

என் அம்மாவுக்கும் இதே நோய்தான். அவர் கை வீங்கத் தொடங்கியபோது நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். வாதம் என்றார்கள், எண்ணெய் தேய்த்தார்கள், ஒத்தடம் கொடுத்தார்கள். அப்படியே எட்டு ஆண்டுகள் போயின. மெத்தோட்ரெக்சேட்டுக்கு இந்த நோய்க்கென்று அமெரிக்காவில் அனுமதி கிடைத்ததே 1988-ல்தான். அது எங்கள் ஊர் வரை வந்து சேர்ந்தபோது அம்மாவின் விரல்கள் எல்லாம் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்துவிட்டிருந்தன. காப்பிப்பொடி டப்பா மூடியைத் திறக்க என்னைக் கூப்பிடுவார். அவருக்கு இந்த மருந்து வேளைக்குக் கிடைக்கவில்லை. உங்களுக்கு மருந்து இருக்கிறது, அரசு மருத்துவமனையில் காசில்லாமல் கிடைக்கிறது. இடையில் நிற்பது தேதியும் தூரமும் மட்டும். அதனால்தான் உங்கள் கடிதத்தை எடுத்த கையோடு பதில் எழுத உட்கார்ந்தேன்.

நான்கு பயணம் என்றால் நான்கு நாள் கூலி போயிருக்கிறது. கூடவந்தவருக்கும் அதே நட்டம். அந்தக் குறை உங்களுடையதில்லை. ஆனால் ஐந்தாவது பயணமும் வீணாகிவிடக் கூடாது. போவதற்கு முந்தின வாரமே தாலுகா மருத்துவமனையில் மேலே சொன்ன ரத்தப் பரிசோதனைகளோடு, உடம்பில் அழற்சி எவ்வளவு என்று காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டும் எடுத்துத் தர முடியுமா என்று கேட்டு, முடிவுகளைக் கையோடு கொண்டுபோங்கள். எடுத்து வா என்று இன்னொரு முறை திருப்பி அனுப்ப இடம் கொடுக்கக் கூடாது. எந்தக் கிழமை முடக்குவாதப் புறநோயாளிப் பிரிவு நடக்கிறது என்பதைச் சீட்டு கொடுக்கும் இடத்தில் கேட்டு, சீட்டின் பின்புறமே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 104 எண்ணுக்குப் போன் செய்தால் அரசின் மருத்துவ உதவி மையத்தில் ஆலோசனை கிடைக்கும். உங்களுக்கு அருகில் இந்தப் பிரிவு எங்கே இருக்கிறது என்று அங்கும் விசாரிக்கலாம். எட்டு மாதம் எலும்பு டாக்டரிடம் போனது பலருக்கும் நேர்வதுதான். மூட்டு என்றால் எலும்பு என்றுதானே நினைப்போம். நீங்கள் தேட வேண்டிய பெயர்ப்பலகை ருமட்டாலஜி, அதாவது முடக்குவாதம் போன்ற மூட்டு நோய்களுக்கான பிரிவு.

இன்னொரு வழியும் உண்டு. சென்னையில் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் இந்த நோய்களுக்கென்றே தனித் துறை இருக்கிறது. பொதிகை ரயிலில் ஓர் இரவுப் பயணம். ஒவ்வொரு மாதமும் அவ்வளவு தூரம் போங்கள் என்று சொல்ல மாட்டேன். எங்கே காட்டினாலும் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்: "ஊர் தூரம். என்ன மருந்து, எவ்வளவு, எத்தனை வாரத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை என்று எழுதிக் கொடுத்தால் தாலுகா மருத்துவமனையில் தொடர்ந்து வாங்கிக்கொள்வேன்." அந்த ஒரு தாள் இருந்தால் உள்ளூர் மருத்துவர் தயங்காமல் மாத்திரையைத் தொடர்ந்து கொடுப்பார். சிறப்பு மருத்துவரைப் பார்க்கும் நாள் தள்ளிப்போனாலும் மருந்து நிற்காது.

மூன்று நிமிடத்தில் என்ன சொல்வது? "கை வலிக்கிறது ஐயா" என்று தொடங்காதீர்கள். அந்த வரிசையில் நிற்கும் அத்தனை பேரும் அதைத்தான் சொல்கிறார்கள். "காலையில் விரல் மடங்க ஒன்றரை மணி நேரம் ஆகிறது" என்பதுபோல், உங்களுக்கு ஆகும் நேரத்தைச் சொல்லுங்கள். தேய்மானத்தால் வரும் மூட்டுவலியில் காலை இறுக்கம் சில நிமிடங்களில் விட்டுவிடும்; முடக்குவாதத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேலும் நீடிக்கும். அந்த எண்ணைக் கேட்டதும் மருத்துவர் நிமிர்ந்து பார்ப்பார். அதனால் நாளை முதல் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துவையுங்கள். எந்தெந்த மூட்டு வீங்கியது, என்ன வேலை முடியாமல் போயிற்று என்பதும் வேண்டும். மகளுக்குச் சடை பின்ன முடியவில்லை, குடத்தைத் தூக்க முடியவில்லை, இலை வெட்டக் கத்தரி பிடிக்க முடியவில்லை, இப்படி. வீக்கம் கூடுதலாக இருக்கும் காலையில் கையைப் போனில் படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். நாம் ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்றைக்கென்று வீக்கம் வடிந்து கிடக்கும். மாத்திரையை ஏன் நிறுத்தினீர்கள் என்பதையும் பொடியையும் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

உங்களைச் சோம்பேறி என்கிறார்களே, அதற்கு வருகிறேன். இதை உங்கள் கணவருக்கும் மாமியாருக்கும் மகள் வாசித்துக் காட்டட்டும். இந்த நோயின் கொடுமை அது வரும் நேரத்தில் இருக்கிறது. விடியற்காலையில், வாசல் தெளித்து, தண்ணீர் பிடித்து, அடுப்பு மூட்ட வேண்டிய அதே வேளையில் கை கட்டிப்போட்டதுபோல் இருக்கும். வெயில் ஏற ஏறத் தளரும். மத்தியானத்துக்குமேல் அதே பெண் சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்ற உட்கார்ந்துவிடுவாள். பார்ப்பவர்களுக்கு எப்படித் தோன்றும்? வீட்டு வேலைக்கு வலி, காசு வரும் வேலைக்கு வலி இல்லை என்றுதான் தோன்றும். அவள் நடிக்கவில்லை ஐயா. நோயின் குணமே அது. காலை வேலையில் இரண்டை மட்டும் வீட்டில் வேறு யாராவது வாங்கிக்கொள்ளுங்கள்: தண்ணீர் தூக்குவதும் துணி பிழிவதும். மருந்து பிடிக்கும்வரையாவது.

கைக்கு நீங்களாகச் செய்துகொள்ளக்கூடியவை சில. எழுந்ததும் பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் பத்து நிமிடம் கையை அமிழ்த்தி, தண்ணீருக்குள்ளேயே மெல்ல மடக்கி விரியுங்கள். வீங்கிச் சூடாக இருக்கும் மூட்டை யாரும் அழுத்தித் தேய்க்க விடாதீர்கள். கரண்டிக் காம்பிலும் கத்தரியின் பிடியிலும் துணியைச் சுற்றித் தடிமனாக்கிக்கொண்டால் விரல் இறுகப் பிடிக்க வேண்டியிருக்காது. பீடி சுற்றும்போது அரை மணிக்கு ஒருமுறை கையை விட்டுவிடுங்கள். எண்ணிக்கை குறையும், தெரியும், ஆனாலும் விடுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021-ல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் இயன்முறை மருத்துவமும் உண்டு. உங்கள் ஊர்ச் சுகாதாரச் செவிலியரிடம் பெயர் கொடுத்து வையுங்கள். தக்காளியை விடு, கத்தரிக்காயை விடு என்று வருகிறவர்கள் எல்லோரும் சொல்வார்கள். ஒன்றையும் விட வேண்டாம், நன்றாகச் சாப்பிடுங்கள்.

சில வேளைகளில் தேதிக்காகக் காத்திருக்கவே கூடாது. ஒரே ஒரு மூட்டு திடீரென்று கொதித்து வீங்கிக் காய்ச்சலும் வந்தால், கண் சிவந்து கடுமையாக வலித்தால், மலம் கறுத்துப் போனால், கைகால் மரத்து வலுவிழந்தால், நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

கடைசியாக உங்கள் மகளுக்கு: அம்மா, உன் கையெழுத்து அச்சுக் கோத்ததுபோல் இருக்கிறது. ஒரு முழுத் தாளை எடுத்துக்கொள். மேலே அம்மாவின் வயது, நோயின் பெயர், சாப்பிட்ட மாத்திரைகள், நிறுத்திய தேதி, பொடி தொடங்கிய தேதி. கீழே தினமும் ஒரு வரி: காலையில் விரல் மடங்க எத்தனை நிமிடம், எந்தக் கணு வீக்கம். அடியில் அம்மா கேட்க நினைக்கும் இரண்டு கேள்விகள், இரண்டே போதும். மருத்துவர் அந்த மாத்திரையை மறுபடி தொடங்கச் சொன்னதும், வீட்டுக் காலண்டரில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமைக்கும் சிவப்பு மையில் வட்டம் போட்டுவிடு. அம்மா மாத்திரை போட்டதும் வட்டத்துக்குள் நீயே ஒரு கோடு போடு. பன்னிரண்டாவது வட்டம் நிறைந்ததும் எனக்கு ஒரு கடிதம் வர வேண்டும். அதில் முதல் இரண்டு வரியை மட்டுமாவது அம்மா எழுதட்டும்.