ரோமக் கலையில் ரத்தம்: கேள்வி பதில்

கே: அரங்கில் ஆயுதத்தோடு மோதும் கிளாடியேட்டர் சண்டையில், கூட்டம் கட்டைவிரலைக் கீழே காட்டினால் தோற்றவனுக்கு மரணம் என்கிறார்களே, அது பழைய சிற்பம் எதிலாவது இருக்கிறதா சார்?

ப: நமக்குப் பழகிப்போன அந்தக் காட்சி, பிரெஞ்சு ஓவியர் ழெரோம் 1872-இல் வரைந்தது. பழைய லத்தீன் நூல்களில் கூட்டம் கட்டைவிரலைத் திருப்பியது என்றுதான் இருக்கிறது. மேலா, கீழா என்று இல்லை.

கே: சாவையும் ரத்தத்தையும் தரையில் மொசைக்காக, அதாவது சிறு கல் துண்டுகளால் ஆன ஓவியமாக, பதிக்க எப்படி மனசு வந்தது?

ப: பதிக்கச் சொன்னவர் காட்ட நினைத்தது தன் செலவை. துனிசியாவில் ஸ்மிராத் என்ற இடத்தில் கிடைத்த 3-ஆம் நூற்றாண்டு மொசைக்கைப் பாருங்கள். மகேரியஸ் என்ற பணக்காரர் ஊருக்காக நடத்திய வேட்டைக் காட்சி. நாலு வீரர்கள், நாலு சிறுத்தைகள். சிறுத்தைகளுக்கும் பெயர் போட்டிருக்கிறது. ஒன்று விக்டர், இன்னொன்று ரோமானுஸ். ஈட்டி பாய்ந்து ரத்தம் கொட்டுகிறது. ஆனால் நடுவில் நிற்பவன் தட்டு ஏந்திய பணியாள், தட்டில் நாலு பணமூட்டை! சிறுத்தைக்கு 500 தெனாரியஸ் (ரோம வெள்ளிக்காசு) வீதம் கொடுங்கள் என்று அறிவிப்பாளர் கேட்டது பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. மூட்டை ஒவ்வொன்றிலும் போட்டிருக்கும் தொகையோ ஆயிரம், கேட்டதில் இரு மடங்கு. கூட்டம் போட்ட கோஷத்தையும் விடவில்லை: இதுதான் பணம், இதுதான் அதிகாரம். கோயில் டியூப்லைட்டில் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு ‘உபயம்’ எழுதுகிற அதே புத்திதான். ரோமக் கலை எதைப் பார்த்தாலும் காசு கொடுத்தது யார் என்று முதலில் கேளுங்கள்.

கே: டிராஜன் தூணில் போர் அப்படியே பதிவாகியிருக்கிறது என்கிறார்களே?

ப: ‘அப்படியே’ என்பதுதான் இடிக்கிறது. கி.பி. 113-இல் ரோமில் திறந்த தூண் அது, பேரரசர் டிராஜன் டேசியாவை (இன்றைய ருமேனியா பக்கம்) வென்ற கதை. சுமார் 200 மீட்டர் நீளச் சிற்பப்பட்டை தூணைச் சுற்றி ஏறுகிறது. வீரர்கள் மரம் வெட்டுகிறார்கள், முகாம் கட்டுகிறார்கள், பேரரசர் பேசுகிறார், பலி கொடுக்கிறார். வெட்டிய டேசியத் தலைகளைக் கொண்டுவந்து அவரிடம் காட்டுகிறார்கள். தோற்ற மன்னர் டெசெபாலஸ் கழுத்தை அறுத்துக்கொள்கிறார். ரோம வீரனின் பிணத்தை மட்டும் தேடாதீர்கள். காயத்துக்குக் கட்டுப் போடும் காட்சியோடு சரி. பின்னால் வந்த பேரரசர் மார்க்கஸ் ஆரேலியஸின் தூண் இதைவிடக் கொடூரம்: எரியும் குடிசைகள், இழுத்துச் செல்லப்படும் பெண்கள். தத்துவம் எழுதிய மனுஷனின் நினைவுச் சின்னம் இது!

கே: முகம் அழித்த அரச குடும்பப் படம் ஒன்று பார்த்தேன் அண்ணா. யார் அது?

ப: அவர் பெயர் கேட்டா (Geta), ரோமப் பேரரசர். கி.பி. 211-இல் அண்ணன் கரகல்லா ஆள் வைத்துக் கொன்றார், அப்புறம் கேட்டாவின் உருவங்களையும் பெயரையும் அழிக்கச் சொன்னார். நீங்கள் பார்த்தது எகிப்தில் கிடைத்த மரப்பலகை ஓவியமாகத்தான் இருக்கும். இப்போது பெர்லினில் இருக்கிறது.

கே: சாதாரண ஜனங்களே கிடையாதா?

ப: உண்டே! ரோமில் யூரிசாசஸ் என்ற ரொட்டிக்காரரின் கல்லறை இருக்கிறது. மாவு பிசைவது, அடுப்பில் வைப்பது, ரொட்டியை எடை போடுவது எல்லாம் செதுக்கியிருக்கிறார்கள். இதுவும் அவர் காசுதான். போர்த்தா மஜ்ஜோரே என்ற பழைய நகர வாசலை ஒட்டி நிற்கிறது, வெளியிலிருந்து சும்மாவே பார்க்கலாம்.